தொலைந்த நகையைத் தேடப் போகிறவருக்கு

நகையைத் தொலைத்தவர் தொலைபேசியில் அழைத்ததும் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை: "தோண்டாதீர்கள்." அடுத்தது: "அந்த இடத்தில் யாரையும் நடக்க விடாதீர்கள்." மற்றதெல்லாம் அப்புறம். பதற்றத்தில் வீட்டார் ஐந்து பேர் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கிவிடுவார்கள். விரல் ஆழத்தில் கிடந்த மோதிரத்தை முழங்கை ஆழத்துக்கு மிதித்துத் தள்ளி, அதன் தலையில் மண்ணையும் குவித்து வைப்பார்கள். பிறகு நாம் போனால் நாள் முழுக்க மண்மேட்டைச் சலிக்கும் வேலைதான்.

நாகப்பட்டினத்தில் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவன் நான். ரேடியோவைக் கேட்பாரில்லை, டி.வி. கெட்டால் புதிது வாங்கிவிடுகிறார்கள் என்று ஆனபிறகு கடையை மூடினேன். கம்பிச் சுருள் சுற்றிப் பழகிய கை சும்மா இருக்குமா? மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கினேன். வேளாங்கண்ணிக் கடற்கரையில் மோதிரம், வயலில் கொலுசு, கல்யாண வீட்டுக் குப்பைக்குழியில் கம்மல் என்று ஒன்பது வருடமாகத் தேடிக் கொடுத்து வருகிறேன். என் நோட்டுக் கணக்குப்படி பத்துக்கு ஆறு கிடைத்திருக்கிறது. மீதி நான்கில் கருவியின் குற்றம் குறைவு. தப்பான இடத்தில் தேடியதுதான் அதிகம்.

இந்தத் தவறுக்கு வயது நூற்றைம்பது ஆகப்போகிறது. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். உடம்புக்குள் தங்கிவிட்ட குண்டைக் கண்டுபிடிக்க, டெலிபோன் தந்த கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவியைச் செய்து எடுத்துக்கொண்டு போனார். சோதித்தபோது நன்றாகவே வேலை செய்த கருவி அது. ஆனால் குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று முடிவு கட்டியிருந்த மருத்துவர், அந்தப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். போதாக்குறைக்கு மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் வேறு கருவியைக் குழப்பின. செப்டம்பரில் ஜனாதிபதி இறந்துபோனார். அறுத்துப் பார்த்தபோது குண்டு இடப்பக்கம் இருந்தது. "இங்கேதான் விழுந்தது, சத்தியமாக" என்று யாராவது விரலை நீட்டும்போதெல்லாம் எனக்கு அந்த மருத்துவர் ஞாபகம் வந்துவிடுகிறார்.

அதனால் கருவியைப் பையிலிருந்து எடுக்கும் முன் உட்கார்ந்து பேசுங்கள். தேநீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள், அதற்குள் அவர்களின் படபடப்பு கொஞ்சம் அடங்கும். "எப்போது தொலைந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். காணவில்லை என்று தெரிந்த நேரத்தைத்தான் பதிலாகச் சொல்வார்கள். "கையில் இருந்ததைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்த நேரத்துக்கும் காணவில்லை என்று தெரிந்த நேரத்துக்கும் நடுவில் அவர் எங்கெல்லாம் போனார், என்னவெல்லாம் செய்தார் என்பதுதான் நமக்கு வேண்டிய வரைபடம். இப்போது இதற்கு ஒரு வசதி வந்திருக்கிறது. எல்லோர் கைப்பேசியிலும் அன்றைக்கு எடுத்த படங்கள் இருக்கும். மோதிரம் விரலில் தெரியும் கடைசிப் படத்தையும், விரல் வெறுமையாக இருக்கும் முதல் படத்தையும் தேடிப் பிடித்தால் நேரம் நிமிடக் கணக்கில் கிடைத்துவிடும். பின்னணியில் தெரியும் படகு, விளக்குக் கம்பம், ஐஸ் வண்டி எல்லாம் இடத்தையும் சொல்லும்.

எந்தக் கை, எந்த விரல், எண்ணெய் தேய்த்திருந்தாரா, சோப்பு போட்டாரா, கையை உதறினாரா? கழுவிய கையை வேகமாக உதறினால் தளர்ந்த மோதிரம் நான்கைந்து மீட்டர் தள்ளிப் போய் விழும், விழுந்த சத்தமும் கேட்காது. உதறியதுபோல் ஒரு முறை செய்து காட்டச் சொல்லி, கை எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள்.

திருவாரூர் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா முக்கால் பவுன் மோதிரத்தைத் தொலைத்துவிட்டார். கை கழுவும் குழாயடியில்தான் விழுந்தது என்று அடித்துச் சொன்னார். அரை மணி நேரம் தேடினேன், சோடா மூடிகளும் ஒரு ஆணியும் கிடைத்தன. நான் போவதற்கு முன்பே, பாத்திரம் தேய்க்க வந்திருந்த அம்மாவை முந்தானையை உதறிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அண்டாவுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் சித்தப்பாவிடம் திரும்பப் போனேன்.

"மோதிரம் எந்தக் கையில் ஐயா?"

"வலது கையில்."

"போட்டுக்கொண்டேதான் சாப்பிட்டீர்களா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "பாயசத்தை இலையில் ஊற்றினார்கள்..." என்று இழுத்தார். விரலெல்லாம் ஒட்டியதால் கழற்றி இலை ஓரமாக வைத்திருக்கிறார், பிறகு பேச்சு சுவாரசியத்தில் இலையை மடித்துவிட்டு எழுந்திருக்கிறார். கொல்லையில் இலை கொட்டிய குழிக்குப் போனோம். எச்சில் இலைக் குவியலைப் போல் தேடுவதற்குச் சுகமான இடம் வேறு இல்லை. வாசனையைப் பொறுத்துக்கொண்டால் போதும், உள்ளே வேறு உலோகமே இருக்காது. பத்தே நிமிடத்தில் ஒரு மடித்த இலை சத்தம் கொடுத்தது. பிரித்தால் பாதி அப்பளத்தோடு மோதிரம். சித்தப்பா அதை வாங்கிக் கழுவப் போய்விட்டார். அந்த அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். யார் மீதாவது சந்தேகப்பட்டிருந்தால், பொருள் கிடைத்தவுடன் முதலில் அந்த ஆளைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னால்தான் உரியவரிடம் கொடுக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

இனி கருவி. கோலின் நுனியில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அது மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் கிளம்பி, பதிலுக்கு ஒரு சிறு காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்பும். அந்தப் பதில் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை அளந்து கருவி ஒரு எண்ணைக் காட்டும், ஒரு ஒலியைக் கொடுக்கும். வெள்ளிக் கொலுசு, மெட்டிக்கு எண் உயரத்தில் நிற்கும், ஒலி கணீரென்று இருக்கும். தங்க மோதிரம் நடுவிலோ அதற்குக் கீழேயோ தடுமாறும். அதே எண்ணில்தான் மாத்திரை அட்டையும் குளிர்பான டின்னின் வளையமும் வந்து உட்காரும். குப்பையை ஒதுக்குகிறேன் பேர்வழி என்று அந்த எண்களை அடைத்துவிட்டால் தங்கத்தையும் சேர்த்து அடைத்துவிடுவீர்கள். இரும்பை மட்டும் ஒதுக்குங்கள், மற்றதையெல்லாம் சலிக்காமல் தோண்டுங்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் இப்போது காந்தத்தில் ஒட்டும் எஃகு, அதனால் அவையும் இரும்பு வரிசையில் போய்விடலாம். நமக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

எண்ணைவிட நம்பகமான வழி ஜோடிப் பொருள். ஒரு கொலுசு தொலைந்தால் இன்னொன்று காலில் இருக்கும். அதைக் கழற்றித் தரையில் வைத்து, தட்டை அதன் மேல் நாலு முறை ஆட்டி, காதுக்கு அந்த ஒலியைப் பழக்குங்கள். மோதிரமென்றால் அதே கனத்தில் வேறொரு மோதிரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மெல்லிய சங்கிலி பொல்லாதது. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு உலோகமாகவே கருவிக்குத் தெரிவதால், இரண்டு பவுன் சங்கிலி அரை பவுன் மோதிரத்தைவிட மெதுவாகப் பேசும். தாலிச் சங்கிலியில் சத்தம் கொடுப்பவை முகப்பு, தாலி, காசு, குண்டு, கொக்கி ஆகியவைதான். எனவே சங்கிலியைத் தேடும்போது உண்மையில் முகப்பைத் தேடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, மெலிந்த முனகலுக்கும் குனியுங்கள். மூக்குத்தி, கம்மல் திருகாணிக்கெல்லாம் கருவியை நம்பவே வேண்டாம். நான்கடிக்கு நான்கடி அளந்து மண்ணை வாரிச் சலியுங்கள்.

தேடும் இடத்தை முளைக்குச்சியும் சணல் கயிறும் கொண்டு ஒரு மீட்டர் அகலப் பாத்திகளாகப் பிரியுங்கள். தட்டு தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்கு மேல் எழும்பக் கூடாது. வீச்சின் இரு முனையிலும் ஊஞ்சல்போல் மேலே தூக்கிவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்கிற பிழை, நானும் ஒரு வருடம் செய்தேன். ஒவ்வொரு வீச்சும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். வடக்குத் தெற்காக முடித்துவிட்டுக் கயிற்றைப் பிடுங்கி, கிழக்கு மேற்காக இன்னொரு முறை. குத்திட்டு நிற்கும் மோதிரம் ஒரு திசையில் ஊமையாக இருந்து மறு திசையில் பேசும். பத்துக்குப் பத்து மீட்டர் இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தால் நீங்கள் நடந்திருக்கிறீர்கள், தேடவில்லை. ஆழத்தைப் பற்றிப் பெரிய கற்பனை வேண்டாம். காசு அளவுப் பொருள் தட்டின் குறுக்களவு ஆழம் வரை கேட்டால் பெரிய விஷயம். கைப்பேசியைத் தூரத்தில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் பம்புசெட் ஓடினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

கடற்கரை தனி உலகம். உலர்ந்த மணல் எளிது. ஈர மணலில் உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒற்றை அலைவரிசைக் கருவி விடாமல் பிதற்றும். பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் இயங்கும் கருவியோ, காந்தப் புலத்தை விட்டுவிட்டு அனுப்பும் துடிப்பு முறைக் கருவியோ வேண்டும். அது இல்லையென்றால் உணர்திறனைக் குறையுங்கள், தட்டை ஒரே உயரத்தில் வைத்து அலைக் கோட்டுக்கு இணையாக நடங்கள். இரும்புத் தாது கலந்த கருமணல் படலம் தெரிந்தால் அங்கே நின்று, அந்த மண்ணுக்கே சத்தம் போடாதபடி கருவியைச் சரிசெய்துகொண்டு தொடருங்கள்.

22 காரட் தங்கம் தண்ணீரைப் போல் பதினேழு மடங்குக்கு மேல் கனம், மணல் துகளோ இரண்டரை மடங்குதான். அலை ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் மணல் நெகிழும், தங்கம் இறங்கும். ஆகவே அலை தொடும் இடத்தில் விழுந்த பொருளுக்கு நாளை என்று நாள் குறிக்காதீர்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் கூட்டம் நெரியும். அந்த நாட்களில் என்னை அழைப்பவர்களிடம், விழுந்ததாக நினைக்கும் இடத்துக்கு நேரே மேட்டில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, எதிரே தெரியும் கடையையோ கம்பத்தையோ படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். கடலுக்கு அடையாளம் கிடையாது, பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் எல்லா இடமும் ஒன்றுபோலவே இருக்கும். முழங்கால் தண்ணீருக்கு மேல் நான் இறங்குவதில்லை. ஒரு மோதிரத்துக்காக அலையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

வயலுக்கு வருவோம். நாற்று நடும்போது கொலுசு கழன்றுவிடுவது எங்கள் பக்கம் அடிக்கடி நடப்பது. நடவு ஆட்கள் வரிசையாக நின்று பின்னுக்கு நகர்ந்தபடி நடுவார்கள். "வரிசையில் நீங்கள் எத்தனையாவது ஆள் அம்மா?" என்று கேட்டால் தேட வேண்டிய பத்தியின் அகலம் கிடைத்துவிடும். "கஞ்சி குடிக்க எந்த வரப்பில் ஏறினீர்கள்?" என்றால் நீளமும் பாதியாகிவிடும். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கும் இடம், வரப்பில் ஏறும் இடம், வாய்க்காலில் கால் கழுவும் இடம், இவை மூன்றையும் முதலில் பாருங்கள். போன குறுவையில் ஒரு பெண்மணி வயலின் நட்டநடுவைக் காட்டினார். கொலுசு கிடைத்தது மதகடியில், அவர் கால் தேய்த்துக் கழுவிய கல்லுக்குக் கீழே. நட்ட பயிரை மிதிக்காமல் இடைவெளியில் கால் வைத்து நடங்கள், நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். தட்டு தண்ணீர் தாங்கும். மேலே இருக்கும் பெட்டியும் தாங்குமா என்று வாங்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

சேற்றில் சத்தம் கேட்டால் தோண்டக் கூடாது. தோண்டினால் குழியைத் தண்ணீர் மூடிவிடும், பொருள் நழுவி இன்னும் கீழே போகும். இரண்டு கையையும் கிண்ணமாகக் குவித்து, பக்கவாட்டில் ஆழமாக விட்டு, சேற்றை ஒரே அள்ளாக அள்ளி பிளாஸ்டிக் பேசினில் போடுங்கள். குழியின் மேல் தட்டை மறுபடி ஆட்டுங்கள். குழி ஊமையாகிவிட்டால் பொருள் பேசினுக்கு வந்துவிட்டது. இப்போது தட்டை வரப்பில் அசையாமல் வைத்துவிட்டு, பேசினிலிருந்து ஒரு பிடி சேற்றை எடுத்து அதன் மேல் அசையுங்கள். சத்தமில்லாத பிடியை எறிந்துவிடுங்கள். சத்தம் வரும் பிடியை இரண்டாகப் பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். நெல்லிக்காய் அளவு உருண்டை மிச்சமாகும்வரை இப்படியே பிட்டுக்கொண்டே போங்கள். பிறகு வாய்க்கால் நீரில் மெதுவாகக் கரைத்தால் விரலிடுக்கில் கொலுசு முத்து உரசும். இந்த வேலைக்கு முன்னால் உங்கள் கையில் இருக்கும் மோதிரம், கடிகாரம், கயிறு கட்டிய தாயத்து எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நான் முதல் தடவை என் மோதிரத்தையே கால் மணி நேரம் தேடினேன்.

வைக்கோல் போரிலும் எருக்குழியிலும் தேட இந்தப் பெரிய கருவி தேவையில்லை. வாசலில் பாதுகாவலர்கள் கையில் வைத்துத் தடவுவார்களே, அந்தச் சிறிய டிடெக்டரே போதும். வைக்கோலைப் பிடிப் பிடியாக எடுத்து அதன் முன் காட்டினால் முடிந்தது. பசு சங்கிலியை விழுங்கிவிட்டது என்று ஒருவர் அழைத்தார். மாட்டின் வயிற்றருகே வைத்தேன், சத்தம் வந்தது, வீடே கூத்தாடியது. கால்நடை மருத்துவர் வந்து, மேய்கிற மாட்டின் வயிற்றில் ஆணியும் கம்பியும் கிடப்பது சகஜம் என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கிலி பிறகு பீரோவுக்குப் பின்னால் கிடைத்தது.

மறுக்க வேண்டிய அழைப்புகளும் உண்டு. புதையல் இருக்கிறது, குறி சொன்னார்கள், பாதிக்குப் பாதி என்று வருகிறவர்கள். இது சிலைகள் புதைந்த பூமி. நாகப்பட்டினத்திலேயே 1856 தொடங்கி முந்நூற்றுக்கும் மேற்பட்ட புத்தர் உலோகச் சிலைகள் கிடைத்தன. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குப் பள்ளம் எடுத்தபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், தேவாரம் பொறித்த நானூற்றுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வந்தன. ஆசை காட்ட இதைவிட என்ன வேண்டும்? ஆனால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைப்பதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கோயில் வளாகம், தொல்லியல் துறைப் பலகை நட்ட இடம் பக்கம் கருவியோடு போகவே போகாதீர்கள். "நேற்று என் மோதிரம் விழுந்தது" என்று கதை சொல்லி அங்கே கூட்டிப்போகப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டைக் கரையில் நான் பொழுதுபோக்காகத் தட்டை வீசுவதில்லை. 2004 டிசம்பர் 26 இந்த மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அந்த மணலில் சாவி, கரண்டி, பூட்டு எது வந்தாலும் ஒரு வீட்டினுடையது. அங்கே யாராவது அழைத்தால், அவர்கள் சொன்ன பொருளை மட்டும் தேடிவிட்டுத் திரும்புகிறேன். தேடும்போது வேறொருவருடைய நகை கிடைத்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைத் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். நான் பஸ் கட்டணமும் சாப்பாடும் மட்டும் கேட்கிறேன், கிடைக்காவிட்டாலும் அதே தொகைதான். மகிழ்ச்சியில் கொடுப்பதை வாங்குவதும் வாங்காததும் அவரவர் இஷ்டம். தேடும்போது சொந்தக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும், ஒவ்வொரு பள்ளத்தையும் அவர் பார்க்க வேண்டும். சட்டைப் பை வைத்த சட்டையோடு போகாதீர்கள். என் தேடல் சட்டையின் பையை என் மனைவி தைத்து மூடிவிட்டார். ஒப்படைக்கும் முன் நகையில் இருக்கும் எழுத்து, கல், ஒட்டு ஏதாவது ஒன்றை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பள்ளத்தை மூடிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்கு வந்ததும் தட்டையும் கோலையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்பை அப்படியே விட்டால் ஒரே மாதத்தில் திருகுகள் இறுகிவிடும்.

கிடைக்கவில்லையென்றால் கிடைக்கவில்லை என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எதுவரை தேடினீர்கள் என்பதைப் படமாக வரைந்து நோட்டில் வையுங்கள். சேற்றில் கேட்காதது, அறுவடை முடிந்து வயல் காய்ந்தபின் கேட்கலாம், உழவு போடும் முன் அழைக்கச் சொல்லுங்கள். என் நோட்டில் அப்படி ஒரு பக்கம் காத்திருக்கிறது. தாலிச் சங்கிலி, மூன்று பவுன், முகப்பில் இரட்டை மயில். மேலை வரப்பிலிருந்து பதினொரு தப்படி, நேர் எதிரே ஒற்றைப் பனை. ஐப்பசி நடவில் விழுந்தது. தை அறுத்ததும் போக வேண்டும்.